இடது முன் சக்கரத்துச் சத்தம்

ஜனவரி 9

உனக்கு,

நலமா என்று கேட்டு எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

வண்டி உன் பெயரில் இருக்கிறது. உன் சம்பளத்தில் வாங்கியது. நீ போனபோது பஸ்ஸில் போனாய், வண்டி இங்கே போர்டிகோவிலேயே நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் பட்டறைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். அவசரத்துக்கு என்றாவது எடுப்பேன், அவ்வளவுதான். உன் பொருளை நான் வைத்துக்கொண்டிருப்பது தினமும் கதவைத் திறக்கும்போது உறுத்துகிறது. கொண்டுவந்து உன்னிடம் விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. போன வாரம் மழையில் மாடி வீட்டு நர்ஸம்மாவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடப் போனேன். இறங்கும்போது அவள், "என்னண்ணே, வண்டி ஏரோப்ளேன் மாதிரி ஊளை விடுது, உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டாள். இடது முன் சக்கரத்தில் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதோடு ஓட்டினால் என்றைக்காவது நடுரோட்டில் சக்கரம் இறுகி நின்றுவிடும் என்று உனக்கே தெரியும். அப்படி ஒரு வண்டியை உன் கையில் தர மாட்டேன்.

பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். வீட்டிலேயே மாற்றிவிட்டுக் கொண்டுவருகிறேன். அக்கா வீட்டில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று மட்டும் எழுது.

வேறு விசேஷம் இல்லை.

நான்தான்

●

ஜனவரி 17

உங்களுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அக்கா அதை என்னிடம் தராமல் கொஞ்ச நேரம் சமையலறையிலேயே வைத்திருந்தாள். பிறகு என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வண்டி எனக்கு வேண்டாம். இங்கே நான் வேலை செய்கிற லேபுக்கு நடந்தே போய்விடலாம். விற்றாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி.

ஆனால் ஒன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சத்தத்தை இப்போது நர்ஸம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டீர்களா? அந்த வீட்டில் இருந்தபோதே நான் சொன்னேன். பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் வழியில், "முன்னாடி ஏதோ உறுமுதுங்க. வலது பக்கம் திருப்பினா கூடுது, இடது பக்கம் திருப்பினா குறையுது" என்று சொன்னேன். மெக்கானிக் பெண்டாட்டி ஆயிற்றே, கவனித்துத்தான் சொன்னேன். நீங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினீர்கள். வீட்டுக்கு வந்து மறுபடி சொன்னேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டீர்கள்.

ஊரில் உங்களுக்குப் பெயரே 'காதுக்காரர்'. பானெட்டைத் திறக்காமலே கோளாறு இன்ன இடத்தில் என்று சொல்கிற ஆள். நான் சொன்னது மட்டும் அந்தக் காதில் ஏறவில்லை. அதை நர்ஸம்மா சொல்லும்போது ஏறியிருக்கிறது. சந்தோஷம்.

இடம் இருக்கிறது. ஆனால் கொண்டுவர வேண்டாம்.

●

ஜனவரி 26

உனக்கு,

நீ வேண்டாம் என்று எழுதிய கடிதம் வந்தபோது வேலையை ஆரம்பித்துவிட்டேன். இனி நிறுத்த முடியாது.

சக்கரத்தின் நடு நட்டு பெரும்பாடு படுத்திவிட்டது. ஜாக்கி வைப்பதற்கு முன், சக்கரம் தரையில் நிற்கும்போதே அதைத் தளர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கூடவே சுற்றும். முன்பெல்லாம் நீ மடியில் ஒரு வாரப் பத்திரிகையை வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்வாய். இந்தத் தடவை நர்ஸம்மா மிதித்தாள். ஸ்பானரில் பழைய தண்ணீர்க் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று குதித்தேன். நான் பாட்டுக்குக் குதித்துக்கொண்டே இருக்கிறேன், அவள் இறங்கி வந்து தோளைத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து எவ்வளவு நேரமாகக் கத்துவது, டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கோபம். வேலை மும்முரம் என்று சமாளித்தேன். அவள் போன பிறகுதான் நட்டு அசைந்தது.

இப்போது சக்கரம், டிஸ்க் எல்லாம் கழற்றியாயிற்று. பிரேக் காலிப்பரை அதன் ரப்பர் குழாயில் பாரம் விழாமல் ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் இருக்கிற பெரிய இரும்புத் துண்டுக்குள்தான் பேரிங் இறுகி உட்கார்ந்திருக்கிறது. அதை மொத்தமாகக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும்.

நீ எழுதியிருந்ததை நாலைந்து நாளாக யோசித்தேன். பெரியப்பா வீட்டிலிருந்து திரும்பி வந்தது நன்றாக நினைவிருக்கிறது. வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. பாலத்தில் ரொம்ப நேரம் நின்றோம். நீ ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வழி முழுக்கப் பேசாமலே வந்தாய். பெரியப்பா வீட்டில் ஏதோ மனக்கசப்பு போலிருக்கிறது, நாமாகக் கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சத்தத்தைப் பற்றி நீ சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். வண்டி விஷயத்தில் நான் அலட்சியம் காட்டியதில்லை.

நான்தான்

●

பிப்ரவரி 4

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் நான் எழுதிய பதில் வேறு. தபால்பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

வழி முழுக்கப் பேசாமல் வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பாலம் வரைக்கும் பேசிக்கொண்டேதான் வந்தேன். பெரியம்மாவின் முட்டிவலி, அவர்கள் மாடி எடுக்கப்போவது, தம்பிக்கு வேலை கிடைக்காதது எல்லாம் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், வெயில் உங்கள் பக்கமிருந்து அடித்தது. ஒரு "உம்" கூட வராததால் பாலத்துக்கு அப்புறம் நிறுத்தினேன். அன்று மனதில் பட்டது இன்னும் ஆறவில்லை. இந்த ஆள் என்னை வண்டியில் வைத்த ஒரு மூட்டையாகத்தான் நினைக்கிறார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நேற்று லேபில் ஒரு கண்ணாடித் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. நர்ஸம்மா கத்தியதை நீங்கள் கேட்கவில்லை. ஊளை விடுகிற வண்டியை ஆஸ்பத்திரி வரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள், அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான் எப்போது போன் செய்தாலும் நீங்கள் எடுத்ததில்லை. டி.வி. சத்தத்துக்கு நாம் சண்டை போட்டதும் நினைவுக்கு வந்தது. பிறகு சாப்பிடும்போது நீங்கள் என் வாயையே பார்ப்பீர்கள், நான் சாப்பிடுகிற விதம் பிடிக்கவில்லை என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா?

●

பிப்ரவரி 13

உனக்கு,

கேட்கவில்லை. அந்தச் சத்தம் மட்டுமில்லை, முக்கால்வாசி எதுவுமே கேட்கவில்லை.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. எழுதியதும் இல்லை.

எப்போது ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் போன் மணி போயிற்று. அப்புறம் பின்னால் வருகிற ஹாரன். தகரம் தட்டுகிற இடத்துக்கு நடுவில் இத்தனை வருஷம் நின்றதில் வந்திருக்கும். முகத்துக்கு நேரே பேசினால் வாயைப் பார்த்துப் பாதி பிடித்துவிடுவேன். மீதிக்குத் தலையாட்டுவேன். இருட்டிவிட்டால் அதுவும் இல்லை. ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பேனே, இப்போது காதுக்குப் பதில் பல்லில் கடித்துக்கொள்கிறேன். அதிர்வு பல்லுக்குத் தெரிகிறது. பார்க்கிறவர்கள் காதுக்காரர் புது வித்தை கற்றுக்கொண்டார் என்கிறார்கள். இந்தச் சக்கரத்தையும் அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஸ்பிரிங்கில் கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். வலது பக்கம் வழவழவென்று ஓடியது, இடது பக்கம் கை முழுக்கக் கூசியது.

பட்டறையில் தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்று பயம். அது அங்கே. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். கல்யாணமான புதிதில் நீ அக்காவிடம், "இவருக்கு மூளையே காதுலதான் இருக்கு" என்று சொன்னாயாம். அவள் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்தப் பெருமையை உன் முன்னால் கழற்றிவைக்க முடியவில்லை. நீ கூப்பிட்டு நான் திரும்பாதபோது உன் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நீ கூப்பிட்டிருக்கிறாய் என்றே எனக்குத் தெரியும். நீ கோபப்படுவதற்குள் நான் முந்திக்கொள்வேன். "நான் என்ன செவிடா" என்று உன்னிடம் கத்தியிருக்கிறேன்.

வேலை நடக்கிறது. பழைய பேரிங்கை வெளியே தள்ளியாயிற்று. அதன் உள்வளையம் மட்டும் சக்கரம் மாட்டுகிற ஹப்பை விட மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தது. உளியால் ஒரு வெட்டுக் கொடுத்த பிறகுதான் விட்டது. கையில் வைத்து உருட்டினால் உள்ளே மணல் போட்டது போலக் கரகரக்கிறது. புதுப் பேரிங்கைத் துணியில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். குளிர்ந்தால் ஒரு மயிரிழை சுருங்கும், உட்கார வசதி.

இன்னொன்று. நீ போய் இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு ஒருநாள் உன்னைப் பார்க்க அங்கே வந்தேன். அக்கா சொல்லியிருப்பாள். சகலை வாசல் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவர் பேசுவதே வாய்க்குள், அதற்கு மேல் அந்த மீசை. குனிந்து பூட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். "இல்லை" என்பது மட்டும் பிடிபட்டது. நீ வீட்டில் இல்லை, அல்லது என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஏதோ பதில் சொல்லிவிட்டு, கொண்டுவந்த பையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டு எழுது.

நான்தான்

●

பிப்ரவரி 27

உங்களுக்கு,

அத்தானிடம் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத வேண்டும். இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது அதனால்தான்.

அன்று லேபில் நான் மட்டும்தான் இருந்தேன். என் சாம்பிளை நானே டெஸ்ட் செய்தேன். நம்பாமல் இன்னொரு தடவையும் செய்தேன். எத்தனையோ பெண்களுக்கு நான் எழுதிக் கொடுத்த அதே முடிவு. கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தும் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்கு ஓடிவந்தேன்.

நீங்கள் போர்டிகோவில் வண்டியின் பின் சக்கரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தீர்கள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வைத்தியம் பார்த்ததெல்லாம் போதும், இனிமேல் இந்த வீட்டில் குழந்தைப் பேச்சே வேண்டாம் என்று முந்தின வருஷம் நீங்கள் சொன்னது எனக்குள் இருந்தது. என் அழுகையைப் பார்க்க முடியாமல்தான் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒரு சமயம் தோன்றும், உங்களுக்கே வேண்டாம் என்று ஒரு சமயம் தோன்றும். அதனால் முகத்துக்கு நேரே சொல்லப் பயமாக இருந்தது. முதுகைப் பார்த்துச் சொன்னேன். "ஏங்க, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. டெஸ்ட் பண்ணிட்டேன். நமக்குக் குழந்தை வரப்போகுது."

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். என் நிழல் உங்கள் கை மேல் விழுந்திருக்க வேண்டும். திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, "அந்தத் துணியை எடு" என்றீர்கள்.

எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போய்விட்டேன்.

ஏன் இன்னொரு தடவை சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்த வருஷம் முழுக்க நான் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருந்தேன். பால் வாங்கி வாருங்கள் என்பதைக்கூட. இந்த ஒன்றை மட்டும் ஒரு தடவைதான் சொல்வது என்று வைராக்கியம் வந்துவிட்டது. ஒரு வாரம் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்துவிட்டேன்.

நாலாம் மாதம் அது தங்கவில்லை. நீங்கள் வந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அத்தான் அங்கே வரத்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவர் உங்களிடம், "குழந்தை தங்கல. அவ ஆஸ்பத்திரியில இருக்கா, இனிமே பயம் இல்ல. நானும் அங்கதான் போறேன், வர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள், "சரி, பரவாயில்லை. நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, பையைக் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் நடந்து போய்விட்டீர்களாம்.

அத்தான் வந்து இதைச் சொன்னபோது அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் அழவில்லை. பரவாயில்லை என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் எழுந்தேன், குளித்தேன், வேலைக்குப் போனேன். உங்களை வெறுப்பதில் ஒரு தெம்பு இருந்தது. உங்கள் போன கடிதத்தைப் படித்த பிறகு அதுவும் இல்லை.

●

மார்ச் 6

உனக்கு,

உன் கடிதம் வந்தபோது புதுப் பேரிங் பாதி உள்ளே போயிருந்தது. நீளமான போல்ட் ஒன்றை நடுவில் கொடுத்து, இரண்டு பக்கமும் தகடு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி உட்காரவைப்பது. நடுவில் விட்டால் கோணலாகிவிடும். படித்துவிட்டு, கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மீதியை இறுக்கினேன். எப்படி இறுக்கினேன் என்று தெரியவில்லை. நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

அதற்கப்புறம் பட்டறைக்குப் போகவில்லை.

உன் குரல் எட்டாமல் எத்தனையோ போயிருக்கிறது, போகட்டும். அது ஒன்றாவது எட்டியிருக்கக் கூடாதா? அந்தத் துணியைக் கேட்டது எனக்கு நினைவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உனக்கு அது உயிர் போகிற நாள், எனக்கு அது நினைவில்கூட இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வண்டியைச் சேர்த்துக் கட்டிவிட்டு வருகிறேன். உன்னைப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்றால் எழுது, வர மாட்டேன்.

ஒன்று கேட்கலாமா? பையனா, பெண்ணா என்று தெரிந்ததா? சொல்லப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு.

நான்தான்

●

மார்ச் 14

உங்களுக்கு,

பெண்.

இருபத்தெட்டாம் தேதி எனக்கு லீவு. காலையில் வாருங்கள். அத்தான் வீட்டில்தான் இருப்பார். வாசல் கேட்டில் நடந்ததை நீங்கள் எழுதிய கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த நாள் மீசையை எடுத்துவிட்டார். அக்காவுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. நீங்கள் வந்தால் சிரிக்க வேண்டாம், பாவம்.

இங்கே யாரும் உங்கள் பின்னாலிருந்து பேச மாட்டார்கள். சொல்லிவைத்திருக்கிறேன்.

மெதுவாக ஓட்டி வாருங்கள். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டுங்கள். ஹாரன் கேட்காத ஆள் அவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது.

●

ஏப்ரல் 3

உங்களுக்கு,

சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படி வேகமாகப் போனீர்கள். வீடு போய்ச் சேர்ந்தீர்களா என்றுகூட ஒரு வரி இல்லை. அதனால் நானே எழுதுகிறேன். நேரில் சொல்ல முடியாததையும் சேர்த்து.

வண்டி நன்றாக இருக்கிறது. அன்று ஒரு சுற்று போனபோது நீங்கள் ரோட்டை விட்டு என் வாயைப் பார்த்து, "சத்தம் இருக்கா?" என்று கேட்டீர்கள். "முன்னாடி பாருங்க" என்று நான் கத்த, நீங்கள், "என்ன, முன்னாடி இருக்கா?" என்று பதறி ஓரம் கட்டினீர்கள். எத்தனை நாள் கழித்து அப்படிச் சிரித்தோம். சத்தம் துளிகூட இல்லை. நீங்கள் செய்த வேலை சரியா என்று தெரிந்துகொள்ள இன்னொருவர் வாயைப் பார்க்க வேண்டியிருப்பதை நினைத்தபோது என் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம் அந்தப் பள்ளிக்கூடச் சுவரோரம் நிறுத்தினோம். "அன்னிக்குச் சொன்னதை இப்ப சொல்லு" என்று கேட்டீர்கள். எதற்கு என்றேன். "எனக்கு இன்னும் யாரும் சொல்லலையே" என்றீர்கள். உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன், அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகளில்.

உங்கள் முகம் மலர்ந்தது. "நிஜமாவா?" என்று கேட்டீர்கள். கேட்டது உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. ஒரு கணம் நீங்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டீர்கள். அப்புறம் நினைவு வந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதீர்கள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் அன்று லேபிலிருந்து ஓடிவந்தேன். பார்த்துவிட்டேன்.

"வீட்டுக்குப் போகலாம், வா" என்று நீங்கள் சொன்னதற்கு நான் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். காரணம் கேட்கவில்லை நீங்கள். எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் காது போனதைச் சொல்லியிருக்கலாம், நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அவள் தங்கியிருப்பாள் என்று சொல்ல முடியாது, அது யாராலும் வந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் அந்தக் கட்டிலில் நான் தனியாகப் படுத்திருந்தேன். உங்கள் பேரில் தப்பில்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் பொழுதுகள் மாற மாட்டேன் என்கின்றன. உங்களோடு வந்தால் நான் ஒவ்வொரு நாளும் உங்கள் முகத்தைப் பார்த்து அதைத்தான் நினைப்பேன். நீங்களும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் குன்றிப்போவீர்கள். அப்படி ஒரு வீடு நமக்கு வேண்டாம்.

எனக்காகக் காத்திருக்காதீர்கள். காத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அதுவும் எனக்குப் பாரம்.

எங்கள் லேப் டாக்டரிடம் கேட்டேன். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறதாம், புதன்கிழமை பார்ப்பார்களாம். போய்க் காட்டுங்கள். என்னைத் திருப்பி அழைப்பதற்காக இல்லை. ரோடு கடக்க வேண்டுமே, அதற்காக.

●

மே 21

உனக்கு,

வண்டியை நீ ஓட்டுகிறாய் என்று சகலை எழுதியிருந்தார். சக்கரத்தின் நடுவில் போட்ட புது நட்டை, வண்டி கொஞ்சம் ஓடிய பிறகு ஒரு தடவை பார்க்க வேண்டும். அங்கேயே யாரிடமாவது காட்டு.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது அந்தப் பெண், எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறீர்கள், கூட யாரும் வரவில்லையா என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டாள். இரண்டு காதும் வெகுதூரம் போய்விட்டதாம். போனது திரும்பாது, இருப்பதைக் கருவி வைத்து உயர்த்தலாம் என்றார்கள். நேற்று அதை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

பட்டறையிலும் சொல்லிவிட்டேன். முதலாளி, எல்லோருக்கும் முன்பே தெரியும் என்றார். யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கருவி மாட்டினால் எல்லாம் தகரத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. என் செருப்புச் சத்தமே எனக்குத் தொந்தரவாக இருக்கிறது. குழாய் சொட்டுவது கேட்கிறது. வீட்டில் வேறு சத்தம் ஏதும் இல்லை. நர்ஸம்மா மாடியில் பாடுவாள் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

நீ எழுதியதெல்லாம் சரி. காத்திருக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்லக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன்: வாசலில் ஏதாவது அசைந்தால் திரும்பிப் பார்க்கிறேன். அது பழக்கம், போய்விடும்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். நல்ல கூட்டம், எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பின் சீட்டிலிருந்து, என் முதுகுக்குப் பின்னால், ஒரு பெண் குரல், "ஏங்க, ஜன்னலைச் சாத்துங்க, நனையுது" என்றது. நான் எழுந்து என் ஜன்னலைச் சாத்தினேன். அவள் கூச்சப்பட்டுவிட்டாள். "உங்களைச் சொல்லலைங்க, இவர்கிட்டச் சொன்னேன்" என்றாள். அவள் புருஷன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். "பரவாயில்லம்மா, கேட்டுச்சு, அதான் சாத்தினேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மழை சீக்கிரம் நின்றுவிட்டது. உள்ளே புழுங்கியது, பக்கத்திலிருந்தவர் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஊர் வரும்வரை நான் அதைத் திறக்கவில்லை.

நான்தான்